தீப்பிடித்தால் சக்கர நாற்காலி எந்த வழியில் இறங்கும்?

நூலகம் செல்லும் மாற்றுத்திறனாளிகளுக்கு தனித்திட்டம் தேவை

கோபாலபுரத்தில் ஆட்டோ பிடித்தால் கோட்டூர்புரம் கொஞ்ச தூரம்தான். சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் அங்குள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிப்டில் ஏறி மேல்மாடிக்குப் போய் புத்தகத்தை விரித்து விட்டார்.

திடீர் என்று அபாய மணி!

"லிப்டு வேண்டாம், படியில் இறங்குங்க" என்பார்கள். எல்லோரும் திபுதிபு என்று இறங்கி விடுவார்கள். படி இறங்க முடியாதவர் என்ன செய்வார்?

8 மாடி நூலகம்

கோபாலபுரத்தில் வாழ்ந்த கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, 2010-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி திறந்து வைத்த நூலகம் இது. 8 மாடிகள் கொண்டது. கண்பார்வை இல்லாதவர்களுக்கான பிரெய்லி பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் அது பெரிய வசதி. லிப்டை நம்பி மேலே போனவர் பாடுதான் திண்டாட்டம்.

சென்னைக்கு மாடிக்கட்டிட தீ புதிது அல்ல. அண்ணா சாலையில் உள்ள 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் 1975-ல் தீப்பிடித்து எரிந்தது. 2017-ல் தியாகராயநகரில் பெரிய ஜவுளிக்கடை எரிந்து நாசமானது.

ஏர்வாடி சோகம்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி மனநல காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். தப்பி ஓட முடியாதவர்களை யார் வெளியே கொண்டு வருவது என்று முன்கூட்டியே யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

69-வது மாடியில் இருந்து...

யோசித்து வைத்தால் பிழைக்கலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993-ல் குண்டு வெடித்தது. அதன் பிறகு, படியில் சறுக்கி இறக்கும் விசேஷ நாற்காலிகளை அங்கே வாங்கி வைத்தனர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது, நடக்க முடியாத ஊழியர் ஒருவரை உடன் வேலை பார்த்தவர்கள் 10 பேர் முறை போட்டு 69-வது மாடியில் இருந்து அந்த நாற்காலியிலேயே இறக்கினார்கள். அவர் உயிர் தப்பினார்.

என்ன செய்யலாம்?

* எந்த மாடியில் யார் இருக்கிறார் என்று வாசலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

* மாடிக்கு இரண்டு ஊழியர்களையாவது துணைக்கு நியமிக்க வேண்டும். ஒருவர் லீவு என்றால் மாற்று ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

* காது கேளாதவருக்கு மணி அடித்துப் பயன் இல்லை. பளிச்சிடும் விளக்கு வேண்டும்.

* பார்வை இல்லாதவரைப் பிடித்து இழுக்கக்கூடாது. நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி முன்னே நடக்க வேண்டும்.

* புகை புகாத இடத்தில் காத்திருக்க வசதி வேண்டும். 24 மீட்டருக்கு மேல் உயரமான கட்டிடங்களில் இப்படி ஒதுங்கும் இடம் இருக்க வேண்டும் என்கிறது தேசிய கட்டிட விதித்தொகுப்பு.

* தீயணைப்பு ஒத்திகையில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்க்க வேண்டும். "உங்களை எப்படித் தூக்கணும்?" என்று அவர்களையே கேட்டுப் பழக வேண்டும்.

சட்டமும் இருக்கு

ஆபத்து காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமான பாதுகாப்பு உண்டு என்று 2016-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. நூலகம், கல்லூரி, ஆபீஸ் எதுவானாலும் லிப்டு வைத்து மேலே ஏற்றினால் மட்டும் போதாது. லிப்டு நின்று போனால் எப்படி இறக்குவது என்பதையும் எழுதி வைத்து, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தீ விபத்து என்றால் 101-க்கு போன் செய்யுங்கள். நடக்க முடியாதவர் எந்த மாடியில் காத்திருக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.