சோதனை வலையமைப்புக்கான மின்பணப்பை: சேகோ தரப்பதிவை முன்வைத்து

சேலம், நாமக்கல் சமவெளியின் மரவள்ளி வேளாண்மையோடு இணைந்தது ஜவ்வரிசித் தொழில். உறுப்பினர் ஆலைகளின் ஜவ்வரிசியைச் சந்தைப்படுத்தும் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981இல் சேலத்தில் நிறுவப்பெற்றது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியின் எண்ணையும் தரச்சோதனை முடிவையும் பின்னர் எவரும் திருத்த இயலாதவாறு பதிவு செய்ய முடியுமா என்பது, தமிழக அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டுள்ள சூழலில், இப்பகுதிக் கல்லூரிகளின் கணினி அறிவியல் மாணவர்க்குப் பொருத்தமான ஆய்வுச்சிக்கல். இதனைச் செலவின்றி எழுதிப் பார்க்க எதீரியத்தின் செபோலியா என்னும் சோதனை வலையமைப்பு உதவும். அதற்கு மின்பணப்பை ஒன்று தேவை. அதனை அமைக்கும் முறையையும் அதிலுள்ள ஓர் இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பணப்பை என்னும் பெயர் சற்றே பிறழ உணர்த்துவது. அதனுள் நாணயம் எதுவும் இருப்பதில்லை. இருப்பது திறவுகோல் மட்டுமே. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து மென்பொருள் 12 சொற்களைத் தேர்ந்து மீட்புச் சொற்றொடராகத் தரும். அதிலிருந்து தனித்திறவுகோலும், அதிலிருந்து பொதுத்திறவுகோலும், இறுதியில் முகவரியும் கணித்துப் பெறப்படுகின்றன. இச்சொற்பட்டியல் ஜப்பானியம், கொரியம், செக் முதலிய மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலச் சொற்களை ஒலிப்புக்கேற்பத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்வது தவறு. அமைதியைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் துண்டைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் அப்பட்டியலில் உள்ளன. தமிழில் இரண்டும் 'பீஸ்' என்றே அமையும்.

இடர் யாதெனில், செபோலியாவிலும் உண்மைப் பணம் புழங்கும் முதன்மை வலையமைப்பிலும் ஒரே திறவுகோல் ஒரே முகவரியைத் தருகிறது. மெட்டாமாஸ்க் போன்ற பணப்பையில் வலையமைப்பை மாற்றும்போது மாறுவது வலையமைப்பு எண்ணே: முதன்மைக்கு 1, செபோலியாவுக்கு 11155111. இவ்வெண் கையொப்பத்தில் சேர்வதால் சோதனைப் பரிமாற்றத்தை முதன்மை வலையமைப்பில் மீளச் செலுத்த இயலாது. எனினும் திறவுகோலே வெளிப்பட்டால் அக்காப்பு பயன்படாது. ஒப்பந்த நிரலை வலையமைப்பில் ஏற்றுவதற்கு மாணவர் தனித்திறவுகோலை ஓர் அமைப்புக் கோப்பில் இடுவது வழக்கம். அக்கோப்பு நிரலுடன் சேர்ந்து கிட்ஹப்பில் ஏறிவிட்டால், தேடிக்கொண்டேயிருக்கும் தானியங்கிகள் அதனைக் கண்டெடுத்துவிடும்.

ஆகவே உலாவியில் புதிய பயனர் கணக்கு தொடங்கி, மெட்டாமாஸ்க்கை நிறுவி, பழைய சொற்றொடரை இறக்காமல் புதிதாகவே பணப்பையை உருவாக்க வேண்டும். பின் சோதனை வலையமைப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கிச் செபோலியாவைத் தேர்க. சோதனை ஈதரை இலவசமாக வழங்கும் தளங்கள் உண்டு. அவற்றுட் சில, முதன்மை வலையமைப்பில் சிறிது இருப்பு உள்ள முகவரிக்கே வழங்குகின்றன. மாணவர் தம் உண்மைப் பணப்பையைச் சோதனைக்குக் கொண்டுவரத் தூண்டப்படுவது இங்கேதான். ஆசிரியர் ஒருவர் தனியொரு முகவரியில் பெற்று வகுப்பினர்க்குப் பகிர்ந்தளித்தல் நன்று.

தொடக்கப் பயிற்சிக்குச் செபோலியாவும் தேவையில்லை. ஹார்ட்ஹாட் என்னும் கருவி ஆய்வகக் கணினியிலேயே வலையமைப்பை இயக்கி, தலா 10,000 போலி ஈதர் உடைய 20 கணக்குகளைத் தரும். அவற்றின் மீட்புச் சொற்றொடர் 'டெஸ்ட்' பதினொரு முறையும் 'ஜங்க்' ஒரு முறையுமாக அமைந்தது, உலகறிந்தது. அம்முகவரிகளுக்கு உண்மை ஈதர் அனுப்பினால் அது அனுப்பியவருக்கு மீளாது.

சோதனை வலையமைப்பின் பதிவு நிலையானதும் அன்று. ராப்ஸ்டன் 2022இலும் கோர்லி 2024இலும் மூடப்பட்டன. ஆதலால் ஆய்வேட்டில் ஒப்பந்த முகவரியை மட்டும் சான்றாகத் தராமல், மூலநிரல், வலையமைப்பின் பெயர், பரிமாற்ற நாள், பெறப்பட்ட வெளியீடு ஆகியவற்றைப் பின்னிணைப்பில் முழுமையாகச் சேர்த்தல் வேண்டும்.