மேட்டுக்குள் வாழும் ஜனங்கள்

அயர்லாந்து தேசத்தில் கிளேர் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. 1999-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு பெரிய மோட்டார் சாலை போடத் திட்டமிட்டார்கள். லட்டூன் என்னும் இடத்தில், சாலை போக வேண்டிய வழியில், வெள்ளைப் பூப் பூக்கும் முள்மரம் ஒன்று தன்னந்தனியாக நின்று கொண்டிருந்தது. அது தேவதைகள் கூடும் மரம் என்றும், அதை வெட்டினால் அந்தச் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கேடு நேரும் என்றும் எட்டி லெனிஹன் என்ற கதை சொல்லி பகிரங்கமாக எச்சரித்தார். செய்தி கடல் கடந்து பரவிற்று. முடிவில், மரம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி சாலைத் திட்டம் திருத்தப்பட்டது.

கல்வி பரவிய ஒரு தேசத்தில், இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், இப்படியும் நடக்குமா என்று நேயர்களுக்குத் தோன்றலாம். சிரிப்பதற்கு முன்னால், அந்த மரத்தடியில் கூடுகிறவர்கள் யார் என்று தெரிந்து கொள்வோம்.

ஐரிஷ் பாஷையில் 'ஷீ' என்றால் மேடு. பண்டைக் காலத்தில் அயர்லாந்தை ஆண்ட ஒரு தெய்வ குலத்தார், பின்னால் வந்த மனிதர்களிடம் போரில் தோற்று, பூமியின் மேற்பரப்பை அவர்களுக்கு விட்டுவிட்டு மேடுகளுக்குள் குடிபுகுந்தார்கள் என்பது கர்ண பரம்பரை. மேட்டுக்குள்ளும் வீடு வாசல் உண்டு. மாடு கன்று உண்டு. சங்கீதமும் சண்டையும் உண்டு. அவர்களுடைய பெயரைச் சொல்லி அழைப்பது ஆபத்து. ஆகையால் கிராமத்தார் 'நல்ல ஜனங்கள்' என்றுதான் குறிப்பிடுவார்கள். விஷப் பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் வைத்திருக்கும் நமக்கு இந்த மரியாதையின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்நாட்டில் வட்டமான மண் அரண்கள் சுமார் 45,000 இருக்கின்றன. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் குடியானவர்கள் தங்கள் வீட்டையும் கால்நடைகளையும் சுற்றி எழுப்பியவை அவை என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. கிராமத்தாருக்கோ அவை நல்ல ஜனங்களின் கோட்டைகள். கலப்பையை அங்கே கொண்டுபோக ஒருவரும் துணியவில்லை. சட்டம் வந்து காப்பதற்கு வெகு காலம் முன்னரே பயம் அவற்றைக் காத்து வந்தது.

இந்த ஜனங்களில் பல வகை உண்டு. பான்ஷீ என்பவள் பழைய குடும்பங்களைச் சேர்ந்தவள். அந்த வம்சத்தில் ஒருவருக்கு மரணம் நெருங்கினால், இரவில் வீட்டுக்கு வெளியே அவள் அழுகுரல் கேட்கும். கூந்தலை வாரிக்கொண்டே அழுவாள். ஆகையால் வழியில் கிடக்கும் சீப்பை எடுக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். அயர்லாந்திலும் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தேர்ந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரலையே இருட்டிலும் கேட்டார்கள் போலும்!

லெப்ரகான் வேறு ரகம். ஒற்றைக் கால் ஜோட்டையே ஓயாமல் தைத்துக் கொண்டிருக்கும் குள்ளன். புதையல் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அவனைப் பிடித்துக் கொண்டு கண் இமைக்காமல் பார்த்தால் சொல்லிவிடுவான். 1820-களில் கிராஃப்டன் குரோக்கர் என்பவர் அச்சேற்றிய கதை ஒன்று உண்டு. லெப்ரகானைப் பிடித்த குடியானவன் ஒருவன், காட்டுச் செடிகள் மண்டிய வயலில் புதையலுள்ள செடியைத் தெரிந்து கொண்டான். அடையாளத்துக்குத் தன் காலுறையின் சிவப்பு நாடாவை அதில் கட்டினான்; நாடாவைத் தொடுவதில்லை என்று குள்ளனிடம் சத்தியமும் வாங்கிக் கொண்டு, மண்வெட்டி எடுக்க ஓடினான். திரும்பி வந்து பார்த்தால், வயலில் உள்ள ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்பு நாடா! குள்ளன் சத்தியம் தவறவில்லை.

இது வரையில் கதை இனிக்கிறது. ஆனால் இதே ஜனங்களைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அவர்கள் மனிதக் குழந்தைகளையும் இளம் பெண்களையும் திருடிக்கொண்டு, அதே உருவமுள்ள போலி ஒன்றை வீட்டில் விட்டுப் போவார்களாம். அதனால்தான் தொட்டிலின் மேல் இரும்பு இடுக்கியை வைப்பார்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மெலிந்து நலிந்தால், காரணம் தெரியாத பெற்றோருக்கு இந்த நம்பிக்கை ஒரு காரணத்தைக் கொடுத்தது. அத்துடன் ஒரு குரூரத்துக்கும் வழி திறந்தது. போலியை வருத்தினால் அசல் திரும்பி வரும் என்றும் நம்பினார்கள்.

டிப்பரரி ஜில்லாவில் பாலிவாட்லி என்ற ஊரில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் இருந்தாள். தையல் தெரிந்தவள், சொந்தத்தில் தையல் இயந்திரம் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றுக் கையில் நாலு காசும் சேர்த்தாள். 1895 மார்ச்சில் அவள் நோயுற்றுப் படுத்தாள். டாக்டர் வந்து பார்த்தார், பாதிரியாரும் வந்தார். ஆனால் கணவனுடைய மனம் வேறு வழியில் போயிற்று. படுக்கையில் இருப்பவள் தன் மனைவி அல்ல, மாற்றி வைக்கப்பட்ட போலி என்று தீர்மானித்தான். அவளைப் பிடித்து அமுக்கிப் பச்சிலைக் கஷாயத்தைப் புகட்டி, நீ பிரிட்ஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெற்ற தகப்பனும் உறவினரும் கூட இருந்தார்கள். மறுநாள் இரவு, மார்ச் 15-ஆம் தேதி, கணவன் அவளைத் தீயிட்டுக் கொன்றான். பிறகு வெள்ளைக் குதிரைமேல் அசல் மனைவி வெளியே வருவாள் என்று மூன்று இரவுகள் ஒரு மண் அரணில் காத்திருந்தான். குதிரை வரவில்லை. மார்ச் 22-ஆம் தேதி ஆழமில்லாத ஒரு குழியில் பிரேதம் அகப்பட்டது. அவனுக்கு 20 வருஷக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

அப்போது ஐரிஷ்காரர்களின் சுயாட்சிக் கோரிக்கை பலமாக எழுந்திருந்த காலம். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு ஆளும் தகுதி உண்டா என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு இந்த வழக்கு நல்ல ஆயுதமாயிற்று. அந்த அவமானத்தில் ஒரு தேசம் தன் பழங்கதைகளையெல்லாம் குப்பையில் கொட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அயர்லாந்து அப்படிச் செய்யவில்லை. சுதந்திர அரசு ஏற்பட்ட பிறகு, 1935-இல், நாடோடி வழக்குகளைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கமிஷனை நியமித்தது. 1937 முதல் 1939 வரையில் சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் மாணவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பாட்டனாரிடமும் பாட்டியிடமும் அண்டை வீட்டுக் கிழவர்களிடமும் கேட்டு, வாராந்தரக் கட்டுரைக்குப் பதிலாக அதை எழுதி வந்தார்கள். மேட்டு ஜனங்கள், புதையல், நாட்டு வைத்தியம், பஞ்ச காலம் எல்லாம் அந்த ஏடுகளில் ஏறின. மொத்தம் ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள்! உபாத்தியாயத் தொழில் செய்கிறவனுக்கு இதைவிடப் பொறாமை தரும் கட்டுரைப் பாடம் வேறில்லை. கமிஷனின் திரட்டு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. பிள்ளைகள் அன்று எழுதியவற்றை இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படிக்கலாம்.

பாலிவாட்லியில் உயிரைக் குடித்த அதே ஜனங்கள்தான் அந்தப் பிள்ளைகளின் ஏடுகளிலும் வாழ்கிறார்கள். வித்தியாசம் கதையில் இல்லை. கதையை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. லட்டூனில் கதைக்கு மரியாதை செய்ததில் ஒரு சாலை சற்றே மாறியது; நஷ்டம் பெரிதில்லை. ஆனால் வீட்டில் நோயாகக் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கதையைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நம் வீடுகளிலும் முனியும் மோகினியும் இருக்கிறார்கள். பாட்டி சொல்லும்போது அவர்களைத் துரத்த வேண்டாம். குழந்தையின் கையில் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்து எழுதிக் கொள்ளச் சொல்லலாம். அதே குழந்தைக்கு இரவில் ஜுரம் கண்டால், நோட்டை மூடி வைத்துவிட்டு வைத்தியரை அழைக்க வேண்டும்.