எறும்பும் தட்டானும் சொல்லும் மழை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், பாட்டி வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. திடீரெனப் பாட்டி, "எல்லாத்தையும் வாரி உள்ள வையி மக்களே, எறும்பு முட்டையத் தூக்கிட்டு மேட்டுக்குப் போவுது" என்றார்கள். நான் சிரித்தேன். மாலையில் மழை கொட்டியபோது பாட்டி சிரித்தார்கள். இத்தகைய அடையாளங்களில் எது மெய், எது பொய் என்று அன்றிலிருந்து தேடலானேன். தோழியரே, அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

புற்றில் ஈரம் மிகுந்தால் எறும்புகள் முட்டைகளை உலர்ந்த இடத்திற்கு மாற்றுவது உண்மைதான். ஆனால் வெப்பம் மிகுந்தாலும், யாரேனும் புற்றைக் கலைத்தாலும் அவை இடம் பெயரும். ஆகவே அன்று பாட்டிக்கு அதிர்ஷ்டமும் சற்றுத் துணை நின்றது என்பது என் எண்ணம். அவர்களிடம் சொல்லவில்லை!

நிலவைச் சுற்றிய வட்டத்தைக் குறித்து 'அகல்வட்டம் பகல் மழை' என்பார்கள். இதில் நுட்பம் உண்டு. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை உள்ள தூரமளவுக்கு, நிலவிலிருந்து எட்டி நிற்பதே அகல்வட்டம். மிக உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் அது தோன்றுகிறது. பெருமழை மேகங்களுக்கு முன்னோடியாக அம்மேகம் வருவதுண்டு. நிலவை ஒட்டித் தெரியும் சிறு வட்டமோ நீர்த்துளிகளால் ஆவது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நம் முன்னோர் வெறுங்கண்ணாலேயே பிரித்தறிந்திருக்கிறார்கள்!

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பதும் நாம் அறிந்ததே. இரையான சிறு பூச்சிகள் தாழ இறங்கினால் தட்டானும் இறங்கும். அதைவிட வியப்பு வேறொன்று. ஒரு வகைத் தட்டான் மழை தேங்கிய குட்டைகளில் முட்டையிடுவதற்காகப் பருவக்காற்றோடு பயணம் செய்கிறது. நன்னீர்க் குளங்கள் அரிதான மாலத்தீவிலும் அவை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் திரளாக வந்து இறங்குகின்றன. அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார்.

மார்கழியில் மேகம் கருக்கொள்ளும் நாள்களைப் பார்த்து அடுத்த ஆண்டின் மழையைச் சொல்லும் 'கர்ப்போட்டம்' என்ற வழக்கமும் உண்டு. பல மாதங்களுக்கு அப்பால் பெய்யப்போகும் மழையை இன்றைய மேகம் அறியும் என்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

இந்த அடையாளங்களுக்கு எல்லை உண்டு. நம் தலைக்கு மேலே, அடுத்த சில மணி நேரத்தைத்தான் அவை சொல்லக்கூடும். 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, நம் மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் ஊரும் எறும்பு அவர்களுக்கு என்ன சொல்ல முடியும்? எச்சரிக்கைச் செய்தியும் அவர்களை எட்டவில்லை. தந்தையை இழந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! தொலைவில் உருவாகும் புயலைக் காண செயற்கைக்கோள் வேண்டும். அச்செய்தி நடுக்கடல் வரை போய்ச் சேரவும் வேண்டும்.

பாட்டி இன்றும் எறும்பைப் பார்த்துத்தான் கருவாட்டை வாருகிறார்கள். ஆனால் மாமா வள்ளம் இறக்கும் நாளில், வானொலியில் வானிலை அறிக்கை முடியும்வரை அவரை வாசல் தாண்ட விடுவதில்லை.