வெயில் ஊரில் வெயில் பற்றாக்குறை

கோடையில் 40 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும் வேலூரில் சூரிய ஒளி போதவில்லை என்றால் எவரும் நகைப்பர். ஆயினும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற பெண்களிடையே நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைட்டமின் 'டி' போதிய அளவில் இல்லை. பொருளியல் பயின்ற எனக்கு இது நேரப் பங்கீடு குறித்த கேள்வியாகவும் தோன்றுகிறது.

தோலில் இந்த வைட்டமின் உருவாகப் புற ஊதா 'பி' கதிர்கள் வேண்டும். அவை ஜன்னல் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. காலை, மாலைச் சாய்வெயிலில் மிகக் குறைவு. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரமே உகந்தது. அதாவது, ஏறத்தாழ 10 மணி முதல் 3 மணி வரை. கருமையான தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை.

ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கிராமத்தில் வேன் ஏறினால் மாலையில்தான் வீடு திரும்புகின்றனர். உகந்த அந்த ஐந்து மணி நேரமும் கூரைக்கடியில் கழிகிறது. பதனிட்ட தோலை வெயிலில் உலர்த்துவதை இப்பகுதியில் காணலாம். அந்த வெயில், அதைத் தைப்பவரின் தோலுக்கு வாய்ப்பதில்லை.

எலும்புக்கும் தசைக்கும் மட்டுமல்ல, நோய் எதிர்ப்புக்கும் இந்த வைட்டமின் தேவை. கிருமிகளை விழுங்கும் அணுக்கள் இதனைத் தாமே செயல்வடிவத்துக்கு மாற்றி, கிருமியைக் கொல்லும் 'கேத்தலிசிடின்' என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. காசநோய்க் கிருமிக்கு எதிராக இது செயல்படும் விதத்தை 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு விளக்கியது.

ஆனால், ஆய்வகத்தில் கண்டது மக்களிடம் அப்படியே பலிக்கவில்லை. மங்கோலியாவில் 8,800-க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்றாண்டுகள் வாரந்தோறும் வைட்டமின் 'டி' அளித்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை என 2020-இல் தெரியவந்தது. சுவாசத் தொற்றுகளைச் சற்றுக் குறைப்பதாக 2017-இல் வந்த தொகுப்பாய்வின் முடிவும், பின்னர் மேலும் ஆய்வுகள் சேர்ந்தபோது வலுவிழந்தது. எனவே, கரோனா காலத்தில் 'எதிர்ப்பு சக்தி' என்ற பெயரில் மாத்திரைகளை வாங்கிக் குவித்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். குறைபாடு உள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவில் உட்கொள்வது வேறு.

மாத்திரைச் செலவு தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. இடைவேளையின் செலவை நிறுவனம் ஏற்கிறது. நமது ஆலோசனைகள் பெரும்பாலும் மாத்திரையோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வு என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. அதில் பத்து, பதினைந்து நிமிடங்களைத் திறந்தவெளியில் கழிக்க ஆலை வளாகத்தில் இடம் ஒதுக்கலாம். கொளுத்தும் கோடையில் இதைச் சுருக்கிக்கொள்வதே அறிவுடைமை. உணவகத்தில் '+எஃப்' முத்திரையிட்ட, வைட்டமின் 'ஏ', 'டி' செறிவூட்டிய பாலையும் எண்ணெயையும் பயன்படுத்தலாம். இதற்குப் பெரும் முதலீடு வேண்டாம்.

காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தீயணைப்பான், கழிவறை, ஊதியப் பதிவேடு எனப் பலவற்றையும் தணிக்கை செய்கின்றன. தொழிலாளர் நண்பகலில் சற்று நேரம் வெளியே வர முடிகிறதா என்பதையும் அப்பட்டியலில் சேர்க்குமாறு ஏற்றுமதியாளர்களே கேட்கலாம்.