குல முத்திரை

ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளைப் பற்றி எழுதுவோர், ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிஹ் சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் கனவு கண்ட மந்திரத் தோட்டாவை நினைவூட்டி, நோயுற்ற அணுவை மட்டும் தேடி அழிக்கும் அஸ்திரம் என்று வருணிப்பது சம்பிரதாயமாகிவிட்டது. வருணனை அழகானதுதான்; ஆனால் 1997இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, இவ்வகை மருந்துகளுக்கெல்லாம் மூத்ததாக விளங்கும் ரிட்டுக்சிமாபின் நடத்தையை நிதானித்துக் கவனித்தால், அதற்குப் புற்றுநோய் இன்னதென்றே தெரியாது என்ற விசித்திரம் புலப்படும்.

அது அறிவது ஒரு குலத்தை. எலும்பு மஜ்ஜையில் ஜனித்து ரத்தத்தில் சஞ்சரிக்கும் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், ஓரளவு வளர்ந்ததும் சி.டி. 20 என்ற புரதத்தை மேற்பரப்பில் தரித்துக்கொண்டு, பிளாஸ்மா செல்லாக முதிரும் தறுவாயில் அதைக் களைந்துவிடுகின்றன. இடைப்பட்ட பருவத்தில் நெறி தவறிப் பெருகும் பி செல்களே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமாதலால், அவற்றின்மீதும் அந்த முத்திரை அழியாமல் இருக்கிறது. சிவப்புத் தலைப்பாகை கட்டியவரையெல்லாம் பிடித்துக்கொண்டு வா என்று ஏவப்பட்ட சேவகனைப் போல, மருந்து யோக்கியனையும் கள்வனையும் ஒருசேரப் பிடிக்கிறது.

ஆனால் அந்தத் தலைப்பாகையை அது அடையாளம் காணும் நுட்பம் அலாதியானது. 297 அமினோ அமிலங்களாலான சி.டி. 20, செல்லின் சவ்வை நான்கு முறை ஊடுருவி, இரண்டு சிறு வளையங்களை மட்டுமே வெளியே நீட்டுகிறது. பெரிய வளையத்தில் 170ஆம் இடத்து அலனினும் 172ஆம் இடத்து புரோலினும்தான் மருந்தின் பிடிக்கு ஆதாரம். சுண்டெலியின் புரதத்தில் அவ்விரு இடங்களிலும் செரின் அமர்ந்திருப்பதால், அக்கம்பக்கமெல்லாம் வெகுவாக ஒத்திருந்தும், மருந்து அதைத் தீண்டுவதில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு: ரிட்டுக்சிமாபின் பற்றும் நுனி சுண்டெலியின் உடலில் உருவானது, தன்னுடையதைப் போலிருப்பதைப் பகையென்று கருதாத அந்த உடல், வேற்றுமை தென்பட்ட இடத்தில்தானே விரலை வைக்கும்!

சவ்வின்மேல் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கும் சி.டி. 20ஐ, இரு எதிர்ப்பொருள்களின் கரங்கள் ஒன்றையொன்று உரசியபடி பற்றுகின்றன என்பது 2020இல் மின்னணு நுண்ணோக்கிப் படங்களால் தெளிவாயிற்று. அந்த நெருக்கத்தின்மேல் ரத்தத்தின் நிரப்புப் புரதங்கள் வந்து குழுமிச் சவ்வைத் துளையிடுகின்றன. மனித இயல்புடையதாக அமைக்கப்பட்ட மருந்தின் வால்பகுதியை இயற்கைக் கொல்லி அணுக்கள் பிடித்துக்கொண்டு சம்ஹாரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

நல்ல பி செல்களும் மடிகின்றன என்றாலும், மஜ்ஜையின் மூல அணுக்களிடம் முத்திரை இல்லாமையால், பல மாதங்களுக்குப் பின் புதுத் தலைமுறை தழைக்கிறது. எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் தப்பிவிடுவதால், உடலின் பழைய எதிர்ப்பொருள்கள் அடியோடு வற்றிப்போவதில்லை. சங்கடம் வேறோரிடத்தில் நேர்கிறது: சில வேளைகளில் விழுங்கு அணுக்கள், பகை அணுவை முழுவதும் உண்ணாமல், மருந்தையும் அது பற்றிய சி.டி. 20ஐயும் மட்டும் கொறித்துக்கொண்டு போய்விட, தலைப்பாகை இழந்த கள்வன் கூட்டத்தில் கலந்துவிடுகிறான்.