நம் வீடும் ஒரு வேலை இடம்தானே?

என் மகளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தபடியே வேலை. போன மாதம் கழுத்து வலி என்றாள். கம்பெனி ஏற்பாடு செய்திருக்கிற டாக்டர் செல்போனில் முகம் காட்டிப் பத்து நிமிஷம் விசாரித்தார். கம்ப்யூட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தச் சொன்னார், மணிக்கொரு தடவை எழுந்து நடக்கச் சொன்னார். காசும் இல்லை, லீவும் இல்லை.

அதே நேரம் எங்கள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்த அம்மாளுக்குத் தலை சுற்றல். பி.பி. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாசம் ஆச்சாம். "ஆஸ்பத்திரிக்குப் போனா அரை நாள் போயிடுதும்மா. நாலு வீட்டுக்குப் பதில் சொல்லணும். ஒரு வீட்டுல சம்பளத்தையே பிடிச்சுக்கிறாங்க" என்றாள். மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அதை வாங்கி வர நேரம்தான் கிடைக்கவில்லை!

போனில் டாக்டர் என்பது பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் உள்ள வசதி அல்ல, தோழியரே. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-ல் வெளியிட்டது. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' மூலம் வீட்டில் இருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதியும் வந்தது. கட்டணம் கிடையாது. செல்போன் எண்ணைப் பதிவு செய்தால் டோக்கன் வரும், டாக்டர் வீடியோவில் வருவார், மருந்துச் சீட்டும் போனிலேயே வந்துவிடும். வெறும் ஆலோசனை போதும் என்றால் 104-க்குப் போன் செய்தாலே தமிழில் பேசலாம்.

அந்தம்மாளை ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, எங்கள் வீட்டு மெஷினில் பி.பி. பார்த்தோம். மேலே 168, கீழே 100. பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக் கொண்டோம். இது ரொம்ப முக்கியம். 'அந்த மஞ்ச மாத்திரை' என்றால் டாக்டருக்கு என்ன புரியும்? "டாக்டர் பொம்பளையா, ஆம்பளையாம்மா?" என்று ஒரு தயக்கம். பெண் டாக்டர்தான் வந்தார்.

நான் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன். கூட நின்று "சொல்லு, சொல்லு" என்று நாம் எடுத்துக் கொடுத்தால், சிறுநீர் எரிச்சல், வெள்ளைப்படுதல் போன்றவற்றை எந்தப் பெண்ணும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். சம்பளம் கொடுக்கிறவர் நாம், வியாதியைக் கேட்க வேண்டியவர் டாக்டர். அவர் சொன்னதை நம்மிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். பக்கத்து வீட்டுக்குப் போய் "அவளுக்கு பி.பி.யாம்" என்று சொல்லும் வழக்கம் நம்மில் கொஞ்சம் உண்டு!

அதே மாத்திரையைத் தொடரச் சொன்ன டாக்டர், ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க நேரில் போகத்தான் வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னாராம், அவளே சொன்னாள். ஆக, போன் டாக்டர் வந்ததால் லீவே தேவையில்லை என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. மற்ற மூன்று வீட்டாரிடமும் பேசினேன். இரண்டு பேர் சம்பளம் பிடிக்காமல் லீவு தரச் சம்மதித்தார்கள். மூன்றாமவர் 'பார்க்கலாம்' என்றார்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போவது, வாய் கோணுவது, அதிக ரத்தப்போக்கு - இதற்கெல்லாம் வீடியோ டாக்டருக்காகக் காத்திருக்கவே கூடாது. உடனே 108. மனசு சரியில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்பவர்களுக்கு 14416 என்று தனி எண்ணே இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது.

அடையாறு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. சங்கத்துப் பணத்தில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி, சங்க அறையில் வைத்து, இந்த எண்களைச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் உதவும்.

தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. வேலை நேரத்தில் செல்போனையே வாங்கி வைத்துவிடும் கடைகள் உண்டு. பிறகு எந்த டாக்டரிடம் பேசுவது? நாள் பூரா நின்று காலில் நரம்பு சுருட்டிக் கொண்டால், போனில் வரும் டாக்டரும் 'உட்காரு' என்றுதான் சொல்வார். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பில் போடும்போது, "டாக்டரிடம் பேச இந்தப் பெண்களுக்குப் பத்து நிமிஷம் போன் கொடுப்பீர்களா?" என்று முதலாளியிடம் கேட்டும் பாருங்களேன்.

- ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை.