எடை பார்க்காமல் அழிக்காதீர்கள்!

தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். அன்று காடு வெட்டிச் செடி நட்டவர்களை நேரில் கேட்க இன்று வழியில்லை. மிஞ்சியிருப்பவை லயத்து வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் படங்களும், அவர்களின் பிள்ளைகள் சொல்லும் கதைகளும்தான். அவற்றை ஸ்கேன் செய்தும் ஒலிப்பதிவு செய்தும் கணினியில் சேர்க்கும் இளைஞர்கள் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாற்ற வேண்டும். கையால் முடியாது, சிறு நிரல் எழுதத்தான் வேண்டும். அந்த நிரலை எப்படி எழுதினால் வேகமாகவும் இழப்பில்லாமலும் வேலை முடியும்?

முதலில், கணினி ‘நகர்த்துதல்’ என்று சொல்வது உண்மையில் இரண்டு வேறு வேலைகள். தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தை ஒரு டிவிஷன் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, ஒரு பக்கத்தில் பெயரை அடித்து மறுபக்கத்தில் எழுதினால் போதும். குடும்பம் இருந்த வீட்டிலேயே இருக்கும். அதே குடும்பம் ரிங்லெட்டிலிருந்து ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தால் லோரி பிடித்து, சட்டி பானை எல்லாம் ஏற்ற வேண்டும்.

ஒரே வட்டுக்குள் கோப்புறை மாற்றுவது செக்ரோல் வேலை. நாற்பது ஜிகாபைட் வீடியோவும் கண் இமைக்கும் நேரத்தில் ‘போய்விடும்’, ஏனென்றால் அது எங்கும் போகவில்லை. வேறு வட்டுக்கு மாற்றுவதோ லோரி வேலை. முழுதும் நகல் எடுத்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும். ஒரே வன்தட்டை சி, டி என்று பிரித்திருந்தால்கூட, கணினிக்கு அவை இரண்டு தோட்டங்கள்தான்.

பைத்தான் மொழியில் ‘ஓஎஸ்.ரீநேம்’ கட்டளை முதல் வேலைக்கு மட்டுமே உரியது. வேறு வட்டைக் காட்டினால் பிழை சொல்லி நின்றுவிடும். ‘ஷட்டில்.மூவ்’ சற்றுத் தாராளமானது. முதலில் பெயர்மாற்றத்தை முயன்று பார்க்கும். முடியாவிட்டால் நகல் எடுத்து, மூலத்தை அழிக்கும். வசதிதான். ஆனால் நகல் சரியாக விழுந்ததா என்று அது திறந்து பார்ப்பதில்லை. பாட்டியின் குரல் ஒரே ஒரு பதிவில்தான் இருக்கிறது என்றால், நான் அந்தக் கட்டளையை நம்பமாட்டேன்.

பறித்த கொழுந்தை மலையிலும் நிறுப்பார்கள், ஆலையிலும் நிறுப்பார்கள். கொழுந்தாவது வழியில் ஈரம் காய்ந்து சற்று எடை குறையலாம். கோப்பில் ஒரு பிட் குறைந்தாலும் வேறு கோப்பு. அதற்கான தராசுதான் ‘ஷா-256’. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு முத்திரையைத் தரும். உள்ளே ஒரு பிட் மாறினால் முத்திரையே மாறிவிடும். ஆகவே நிரலின் வரிசை இப்படி இருக்கட்டும்: நகல் எடு, இரண்டு பக்கமும் முத்திரை பார், பொருந்தினால் மட்டுமே மூலத்தை அழி. எழுதிய உடனே படித்தால், கணினி தன் நினைவகத்தில் உள்ளதையே திருப்பிக் காட்டக்கூடும். விலைமதிப்பற்றவை என்றால் வட்டைக் கழற்றி, மறுபடி செருகி, பிறகு முத்திரை பாருங்கள்.

அடுத்த ஆபத்து பெயர். கேமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண் போடுகின்றன. 9999 முடிந்தால் மீண்டும் 0001. இரண்டு கேமரா, ஒரே கோப்புறை என்றால் கேட்கவே வேண்டாம். லினக்ஸில் ‘ஓஎஸ்.ரீநேம்’ ஒரு வார்த்தையும் பேசாமல் பழைய கோப்பின் மேல் புதியதைப் போட்டுவிடும். விண்டோஸில் பிழை காட்டி நிற்கும். எந்த இயங்குதளமானாலும், சேருமிடத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று நிரல் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 மெகாபைட் கிடைத்தால், 64 ஜிகாபைட் அட்டையைக் காலி செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை நிரலால் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது சில்லறைக் கோப்புகளின் நேரம். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதற்கே தனி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கொழுந்தாக யாராவது நிறுக்கக் கொண்டுபோவார்களா? கூடை நிறைந்த பிறகுதான் போவார்கள். பத்தாயிரம் சிறு படங்கள் இருந்தால் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

கடைசியாக, நம் தமிழுக்கே உரிய வம்பு ஒன்று. ‘தோட்டம்’, ‘கொழுந்து’ என்று கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். யுனிகோடில் ‘தோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: தகரத்துடன் ஓகாரக் குறி ஒன்றாகவோ, இரட்டைச் சுழி, கால் இரண்டையும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஆப்பிளின் பழைய கோப்புமுறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. 2017இல் வந்த புதிய முறை, கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கிறது. அதனால் பழைய மேக்கிலிருந்து வந்த ‘தோட்டம்’ கோப்புறையை நிரல் ‘காணவில்லை’ என்று சொல்லும், அல்லது ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பைத்தானில் ‘யுனிகோட்டேட்டா’ என்ற தொகுதியின் ‘நார்மலைஸ்’ கட்டளைக்கு ‘என்எஃப்சி’ என்று சொல்லி, பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

பெயரின் நீளத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் 255 குறிகள் வரை ஏற்கும். லினக்ஸின் வழக்கமான கோப்புமுறை 255 பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக, 85 குறிகளோடு சரி. ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லே 21 பைட். படத்தில் இருக்கும் அத்தனை பேரின் பெயரையும் கோப்பின் பெயரிலேயே எழுதாமல், ஆண்டையும் ஒரு வரிசை எண்ணையும் வைத்து, மற்ற விவரங்களைத் தனிப் பட்டியலில் எழுதி அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள்.